வீட்டிலேயே கஞ்சில் காருக்குப் பெயிண்ட் அடிக்க எந்த ஸ்ப்ரே கன் வாங்கலாம்?

கஞ்சில்850, சுங்கை சிப்புட்:

வணக்கம். அப்பா தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் வாங்கிய கஞ்சில் 850 இன்னும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. என்ஜின் நன்றாக இருக்கிறது, ஆனால் கூரையிலும் பானட்டிலும் கிளியர் (கலருக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) உரிந்து வெள்ளை வெள்ளையாகிவிட்டது, பின்சக்கரத்துக்கு மேலே துரு. வெளியே பட்டறையில் முழுக் காரையும் அடிக்கக் கேட்ட விலை எனக்குக் கட்டாது. அதோடு அப்பாவின் காரை நானே செய்ய வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. பட்டி பூசித் தேய்ப்பது ஓரளவு வரும், தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு, முன்னால் கூரை போட்ட போர்ச் இருக்கிறது. கம்ப்ரஸர் 2 எச்பி, 50 லிட்டர், டயருக்குக் காற்றடிக்க வாங்கியது.

ஆன்லைனில் பார்த்தால் 65 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) எச்விஎல்பி கன் இருக்கிறது, 190 வெள்ளிக்கு எல்விஎல்பி என்று ஒன்று, அப்புறம் கம்ப்ரஸரே வேண்டாம், பிளக்கைச் சொருகினால் போதும் என்று எலக்ட்ரிக் கன் ஒன்று 120 வெள்ளிக்கு. தோட்டத்து வர்க்‌ஷாப்பில் இருந்த மாமா ஒருவர் கீழே கப்பு வைத்த பழைய மாதிரி கன்னையே வாங்கு என்கிறார். குழப்பமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பந்திங் பட்டறை:

தம்பி, கன்னைப் பிறகு பார்ப்போம், முதலில் உங்கள் கம்ப்ரஸர் எவ்வளவு காற்றுத் தரும் என்று பாருங்கள். இருபது வருடமாக இந்த வேலை செய்கிறேன், வீட்டில் அடித்துக் கெடுத்துவிட்டு என்னிடம் வந்த கார்களில் பாதிக்கு மேல் காற்று போதாமல் கெட்டவைதான். எச்விஎல்பி என்றால் நிறையக் காற்று, குறைந்த அழுத்தம். கன்னின் வாயில் 10 பிஎஸ்ஐக்கு மேல் போகாது, அதனால் பெயிண்ட் காற்றில் பறக்காமல் காரில் அதிகம் ஒட்டும். நல்ல விஷயம்தான். ஆனால் அது 9 முதல் 14 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) வரை கேட்கும், அதாவது நிமிடத்துக்கு 250 லிட்டருக்கு மேல். உங்கள் கம்ப்ரஸர் அதில் பாதியைத் தந்தால் பெரிய விஷயம்.

பெட்டியில் 200 லிட்டருக்கு மேல் என்று எழுதியிருப்பார்கள். அது உறிஞ்சும் கணக்கு, வெளியே வரும் கணக்கு இல்லை. நீங்களே அளந்து பாருங்கள். குழாயை மூடிவிட்டு, மீட்டர் 4 பாரிலிருந்து 6 பாருக்கு ஏற எத்தனை விநாடி ஆகிறது என்று போனில் நேரம் பாருங்கள். 50 லிட்டர் தொட்டி 2 பார் ஏறினால் 100 லிட்டர் காற்று உள்ளே போயிருக்கிறது. 100ஐ விநாடியால் வகுத்து 60ஆல் பெருக்குங்கள், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். அதை 28ஆல் வகுத்தால் சிஎஃப்எம். அந்த எண்ணைச் சொல்லுங்கள், கன் எது என்று நான் சொல்கிறேன்.

எலக்ட்ரிக் கன் வேலிக்கும் சுவருக்கும் உள்ளது. அதன் நாசில் பெரிது, கார் பெயிண்டைத் துளித் துளியாகத் துப்பும். அதை விட்டுவிடுங்கள்.

பீடோங் வீரா:

அண்ணன் சொல்வது அத்தனையும் உண்மை, நான் அதில் அடிபட்டவள். தம்பியோடு சேர்ந்து எங்கள் வீரா காரை வீட்டில் அடித்தோம். விலை குறைந்த எச்விஎல்பி கன், உங்களைப் போலவே 2 எச்பி கம்ப்ரஸர். ஒரு கதவில் பாதி அழகாக வரும், பிறகு காற்று இறங்கிப்போய் அடுத்த பாதி ஆரஞ்சுத் தோல் மாதிரி. மூன்று முறை தேய்த்து மூன்று முறை அடித்தோம், அழாத குறை.

அப்புறம்தான் எல்விஎல்பி, அதாவது குறைந்த காற்று, குறைந்த அழுத்தக் கன் வாங்கினோம், 1.3 மில்லி நாசில். அது 4 சிஎஃப்எம் பக்கம்தான் கேட்கும். கொஞ்சம் மெதுவாகத்தான் போகும், பெயிண்டும் விசிறி மாதிரி அவ்வளவு அகலமாக விரியாது, ஆனால் ஒரு பேனலை நிறுத்தாமல் முடிக்கலாம். கஞ்சில் மாதிரி சின்னக் காருக்கு அதுவே போதும்.

இன்னொன்று, ஹோஸைப் பாருங்கள். கம்ப்ரஸரோடு கொடுக்கும் சுருள் டியூப்பின் உள்விட்டம் 5 மில்லிதான். தொட்டியில் 6 பார் இருக்கும், கன்னை அழுத்தினால் கைக்கு 1 பார்கூட வராது. நாங்கள் 10 மில்லி ரப்பர் ஹோஸ் மாற்றிய அன்றுதான் அதே பழைய கன்கூட ஓரளவு ஒழுங்காக அடித்தது. கன்னின் அடியில் சின்ன மீட்டர் ஒன்று போட்டு, டிரிகரை அழுத்திப் பிடித்தபடி 2 பார் காட்டுகிறதா என்று பாருங்கள். அழுத்தாமல் பார்த்தால் அந்த எண் பொய்.

தண்ணீர்! நம் ஊர் ஈரத்துக்குத் தொட்டியில் தினமும் தண்ணீர் இறங்கும். வாட்டர் பில்டரைக் கம்ப்ரஸர் வாயிலேயே மாட்டாதீர்கள். அங்கே காற்று சூடாக இருக்கும், தண்ணீர் ஆவியாகவே தாண்டிப் போய்விடும். ஹோஸ் நீளத்தில் ஓடிக் குளிர்ந்த பிறகு, கன்னுக்கு ஒரு பாகம் (இரண்டு கையையும் விரித்த நீளம்) முன்னால் மாட்டுங்கள்.

ஜோகூர் கைவேலை:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். டபிள்யூ-71 மாதிரி மேல்கப்பு சாதாரண கன்னும் கெட்டதில்லை. பெயிண்டைப் பொடியாக உடைக்கும், நம் பக்கம் எந்த ஹார்ட்வேர் கடையிலும் ஊசி, நாசில், காற்று மூடி மூன்றும் செட்டாகக் கிடைக்கும். பெயர் தெரியாத கன் வாங்கினால் ஊசி தேய்ந்த அன்றே அது குப்பை. ஆனால் ஒன்று, சாதாரண கன்னில் பெயிண்டில் பாதிக்கு மேல் புகையாகப் போகும். என் போர்ச்சில் அடித்தபோது பக்கத்து வீட்டுக்காரரின் மைவி காரின் கண்ணாடி முழுக்கச் சொரசொரப்பாகிவிட்டது. இரண்டு நாள் காரைச் சுத்தம் செய்யும் களிமண் கட்டியால் (கிளே பார்) தேய்த்துக் கொடுத்தேன். தாமானில் சுவரோடு சுவர் வீடு என்றால் இதை யோசியுங்கள்.

மாமா சொன்ன கீழ்கப்பு கன் வேண்டாம். அது பெயிண்டை உறிஞ்சி மேலே இழுக்கவே அழுத்தம் அதிகம் வேண்டும், கடைசியில் கப்பின் அடியில் பெயிண்ட் மிஞ்சும். கொஞ்சம் கலந்து கொஞ்சம் அடிக்கிற வீட்டு வேலைக்கு மேல்கப்புதான்.

கஞ்சில்850:

அளந்தேன் அண்ணே. மூன்று முறை பார்த்தேன், 43 விநாடி. கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 140 லிட்டர், 5 சிஎஃப்எம். பெட்டியில் போட்டிருப்பது 206 லிட்டர்! அப்படியென்றால் எல்விஎல்பிதானா? நாசில் 1.3 ஒன்றே எல்லாவற்றுக்கும் போதுமா? மாஸ்க் என்ன வாங்குவது?

பந்திங் பட்டறை:

5 என்றால் எல்விஎல்பிதான், சந்தேகமே இல்லை. பேஸுக்கும் (கலர் பூச்சு) கிளியருக்கும் 1.3 சரி. பிரைமர் தடிமன், அதற்கு 1.6 முதல் 1.8 வேண்டும், 1.3இல் ஊற்றினால் அடைத்து அடைத்து வரும். அதனால் உங்கள் 65 வெள்ளி கன்னையும் வாங்குங்கள், 1.7 நாசிலோடு, பிரைமருக்கு மட்டும். பிரைமரை எப்படியும் தேய்க்கத்தான் போகிறோம், கொஞ்சம் கரடுமுரடாக வந்தாலும் நஷ்டமில்லை, இடையில் நிறுத்திக் காற்று ஏற விடலாம். கிளியர் கன்னில் பிரைமரை ஊற்றவே ஊற்றாதீர்கள். கழுவும்போது முழுக் கன்னையும் தின்னரில் ஊறப்போடக் கூடாது, உள்ளே இருக்கும் பேக்கிங் உப்பிவிடும். நாசில் ஓட்டையில் கம்பி விடாதீர்கள்.

இப்போது மாஸ்க். இதைக் கவனமாகப் படியுங்கள். 2கே கிளியரில், அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கும் கிளியரில், அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம், ஒரு தடவை உடம்புக்கு அது ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு துளி பட்டாலும் மூச்சு முட்டும். அதற்கு எச்சரிக்கிற மாதிரி வாசனை கிடையாது, கரி பில்டர் தீர்ந்ததுகூடத் தெரியாது. பட்டறையில் நாங்கள் வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் மாஸ்க் போட்டுத்தான் அடிக்கிறோம். என்னோடு வேலை பழகிய ஒருவர் முப்பத்தைந்து வயதில் இந்தத் தொழிலையே விட வேண்டியதாயிற்று. உங்கள் போர்ச்சை ஒட்டிப் பக்கத்து வீட்டு ஜன்னல் இருக்கும், உள்ளே குழந்தைகள் இருக்கும்.

அதனால் என் பேச்சைக் கேளுங்கள். பட்டி, ஹார்டனர் கலக்காத பிரைமர், பேஸ் நீங்கள் அடியுங்கள், அதற்கு ரசாயன ஆவிக்கான கரி பில்டரும் பெயிண்ட் துளியைத் தடுக்கும் முன்பில்டரும் உள்ள மாஸ்க் போதும், வெறும் தூசி மாஸ்க் இல்லை. கிளியருக்கு மட்டும் அதே நாளில் பக்கத்துப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள், முன்கூட்டியே பேசி வைத்தால் முழு வேலையை விடக் குறைவாகத்தான் கேட்பார்கள்.

பீடோங் வீரா:

நாங்களும் கடைசியில் அப்படித்தான் செய்தோம். அடிக்கும் நாளில் காலை ஒன்பதரைக்கு மேல், பனி காய்ந்த பிறகு தொடங்குங்கள், நம் பக்கம் மத்தியானத்துக்கு மேல் மழை. மெதுவாகக் காயும் தின்னர் கேட்டு வாங்குங்கள். செம்பனைக் குலை ஏற்றும் லாரி போகும் சாலையா? தூசி எழாமல் இருக்கத் தரையையும் வாசலையும் தண்ணீர் விட்டு நனைத்து வையுங்கள். கலரை மாற்றாதீர்கள், மாற்றினால் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிய வேண்டும்.

கஞ்சில்850:

ரொம்ப நன்றி அண்ணே, அக்கா, ஜோகூர் அண்ணனுக்கும். இரண்டு கன்னும் 10 மில்லி ஹோஸும் வாங்கிவிட்டேன். ஈப்போவில் கலர் கோடு சொல்லி அரை லிட்டர் பேஸ் கலந்து வாங்கினேன். பழைய கார் உடைக்கும் இடத்தில் 30 வெள்ளிக்கு ஒரு கஞ்சில் கதவு கிடைத்தது, அதில் பழகினேன். ஒரு சாண் தூரம், ஒவ்வொரு வரிசையையும் முந்தைய வரிசையின் பாதிக்கு மேலே ஏற்றி அடித்தேன். முதல் தடவை கீழ் ஓரத்தில் ஒழுகியது, கை நின்றுவிட்டது காரணம். மூன்றாவது தடவை ஓரம் முதல் ஓரம் வரை ஒரே மாதிரி வந்தது, மீட்டர் 2 பாரை விட்டு இறங்கவே இல்லை. பட்டறையில் பேசிவிட்டேன், வெள்ளிக்கிழமை மத்தியானம் கிளியருக்கு இடம் தருகிறார்கள். அன்று காலை பானட்டும் கூரையும் அடிக்கிறேன், அப்பா தண்ணீர் தெளிக்க வருகிறேன் என்கிறார், அவருக்கும் சேர்த்து இரண்டு மாஸ்க் வாங்கியிருக்கிறேன்.