எரிந்த கட்சி, எரியாத கட்சி: தாத்தாவின் லாவணி நோட்டை என்ன செய்வது?

பாபநாசம் பேத்தி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். என் அம்மாவின் அப்பா பாபநாசம் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் விவசாயம் பார்த்தவர். மாசி பிறந்துவிட்டால் லாவணிக்காரர். காமன் பண்டிகைக்கு ஊர் ஊராகப் போய் எரியாத கட்சி பாடுவார். அவர் போய் 11 வருஷம் ஆகிறது. போன மாதம் வீட்டை இடித்துக் கட்டுவதற்காகச் சாமான்களை எடுத்தபோது, குதிருக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. அதற்குள் அவருடைய பாட்டு நோட்டு.

மூன்று நோட்டுகளைச் சேர்த்துச் சணல் நூலால் தைத்திருக்கிறார். இடது பக்கம் கேள்வி, வலது பக்கம் பதில். ஆனால் பல இடங்களில் வலது பக்கம் காலி. மேலே "எ.க." என்று எழுதி அடியில் ஒரு கோடு, அவ்வளவுதான். எரிந்த கட்சிக்காரர் சொல்லப்போகும் பதிலுக்காக விட்ட இடம் என்று அம்மா சொல்கிறார். அப்படி ஒரு கேள்வி இது:

"எரிந்தான் என்றால் ரதியின் கண்ணில்
எப்படித் தெரிந்தான் சொல்லும் அண்ணே
அறிந்தால் சொல்லும் அறியா விட்டால்
அமர்ந்து கேளும் சபையின் முன்னே"

தெரியாதவர்களுக்காக: தவத்தைக் கலைக்க வந்த மன்மதனைச் சிவன் நெற்றிக்கண்ணால் எரித்தார், ரதி அழுது கேட்டதும் அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி வரம் கொடுத்தார் என்பது கதை. அப்படியானால் அவன் எரிந்தானா, எரியவில்லையா? இதை வைத்து இரண்டு கட்சியாகப் பிரிந்து, டேப் என்ற தோல்வாத்தியத்தைத் தட்டிக்கொண்டு, விடிய விடியப் பாட்டிலேயே வாதாடுவார்கள். அதுதான் லாவணி.

நான் நேரில் பார்த்தது ஒரே முறை, ஏழு வயதில். அம்மா மடியில் தூங்கிப்போய் நடுராத்திரி விழித்தபோது சத்தமே இல்லை. எதிர்க்கட்சிக்காரர் ஏதோ கேட்டுவிட்டு நிற்கிறார். தாத்தாவின் விரல்கள் டேப்பின் மேல் அசையாமல் இருக்கின்றன. ஊரே அவர் வாயைப் பார்க்கிறது. பிறகு பாடத் தொடங்கினார். என்ன பாடினார் என்பது ஞாபகமில்லை. விடிந்ததும் நடந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த எதிர்க்கட்சிக்காரர் திண்ணைக்கு வந்து தாத்தாவிடமே பென்சில் வாங்கி, தாத்தா சொல்லச் சொல்ல அந்தப் பதிலை எழுதிக்கொண்டு போனார்.

வீட்டில் மாமா, "டிவியில பட்டிமன்றம் ஓடுது, இதை யாரு படிக்கப்போறா, விடு" என்கிறார். எனக்கு விட மனசில்லை. தாத்தா கட்சியின் பாட்டை மட்டும் அச்சடித்தால் பாதி வாதம்தானே ஆகும்? அந்தப் பக்கத்துப் பதில்கள் யாருக்காவது தெரியுமா? இந்த நோட்டைக் கெடாமல் எப்படி வைப்பது?

குறுக்கைக்காரர் எழுதியது:

அம்மா, எனக்கு வயது 72. உங்கள் தாத்தாவுக்கு நான் எதிர்க்கட்சி. பாடினதில்லை, ஆனால் எங்கள் பெரியப்பா எரிந்த கட்சி பாடியவர், அவருக்குப் பின்னால் உட்கார்ந்து பின்பாட்டுப் பிடித்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்து வாதத்தின் ஆணிவேர் இரண்டு. ஒன்று, அவன் பெயர். அனங்கன் என்றால் உடம்பில்லாதவன். எரியாதவனுக்கு அந்தப் பெயர் எப்படி வரும்? இன்னொன்று, இடம். சிவன் வீரச்செயல் புரிந்த தலங்களான அட்டவீரட்டானம் எட்டில் காமனை எரித்த தலம் மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் உள்ள திருக்குறுக்கை. எரிந்த இடம் என்று கோயிலில் விபூதிக்குட்டையைக் காட்டுவார்கள். பெரியப்பா மேடையில் அந்த மண்ணைப் பொட்டலமாகக் கொண்டுவந்து பிரித்துக் காட்டுவார். அதற்கு எரியாத கட்சி சும்மா இருக்காது. "அவன் வெந்து போனால் இன்றைக்கு மலர்க்கணை விடுவது யார், ஊரில் கல்யாணம் ஏன் நடக்கிறது?" என்று கேட்பார்கள். கூட்டம் அதிரும்.

நீங்கள் கொடுத்த கேள்விக்கு எங்கள் பெரியப்பா சொன்ன பதில் எனக்கு மனப்பாடம்:

"உருவம் எரிந்தது உண்மை அதனால்
அனங்கன் என்றே அவனுக்குப் பேரு
ஒருத்தி கண்டது வரத்தால் அன்றோ
உற்றுப் புராணம் புரட்டிப் பாரு"

எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் தாத்தா விட்ட இடத்துக்கு இது பொருந்தும்.

உங்கள் மாமாவுக்கு ஒன்று சொல்லுங்கள். பட்டிமன்றம் வேறு வழியில் வந்தது. பட்டிமண்டபம் என்ற சொல் மணிமேகலையிலேயே இருக்கிறது. "பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்" என்று. இன்றைய மேடை வடிவம் வளர்ந்தது கம்பன் விழாக்களில். காரைக்குடியில் சா. கணேசன் 1939இல் கம்பன் கழகம் தொடங்கினார். பிறகு குன்றக்குடி அடிகளார் போன்றவர்கள் நடுவராக இருந்து பட்டிமன்றத்தை ஊர்தோறும் கொண்டுபோனார்கள். லாவணியோ மராட்டியர் ஆட்சியோடு தஞ்சைக்கு வந்தது. பட்டிமன்றத்தில் கடைசியில் நடுவர் தீர்ப்பு உண்டு. நான் பார்த்த லாவணி எதிலும் நடுவரே கிடையாது. விடிந்தால் டேப்பை உறையில் போடுவார்கள். அடுத்த மாசியில் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பார்கள்.

சுவடிப்பெட்டி எழுதியது:

முதலில் நோட்டைப் பற்றி. லேமினேஷன் செய்துவிடாதீர்கள். செலோடேப் ஒட்டாதீர்கள், சில வருஷத்தில் பசை மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். தையலைப் பிரிக்க வேண்டாம். பக்கத்தை வலிந்து விரிக்காமல், ஜன்னல் வெளிச்சத்தில் மேலிருந்து நேராகப் படம் எடுங்கள். காலிப் பக்கங்களையும் எடுக்க வேண்டும். நீங்கள் சொன்ன அந்த "எ.க." பக்கங்கள்தான் இந்த நோட்டில் எனக்கு மிகவும் பிடித்தவை. அதில் புதிதாக எதையும் எழுதிவிடாதீர்கள், பென்சிலால்கூட.

லாவணிப் பாட்டுகள் ஒரு காலத்தில் குஜிலிப் பதிப்பாக, காலணா அரையணாவுக்கு விற்ற சின்னப் புத்தகங்களாக வந்திருக்கின்றன. அப்படிப்பட்ட அச்சு நூல்கள் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் நிறைய உண்டு. கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்த புத்தகங்களைக் கொண்டு 1994இல் உருவான நூலகம் அது. எதிர்க்கட்சிப் பாட்டுகளை அங்கே தேடிப் பாருங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பார்க்கலாம்.

உரிமை விஷயம்: அச்சில் வராத எழுத்தின் உரிமை வாரிசுகளுக்கு வரும். ஆகவே அம்மாவிடமும் மாமாவிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாப் பாட்டும் தாத்தா கட்டியதாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது, வாத்தியாரிடம் பாடம் கேட்டதும் கலந்திருக்கும். பாட்டின் கடைசி அடிகளில் யார் பெயராவது வருகிறதா என்று கவனியுங்கள்.

வள்ளி மகள் எழுதியது:

நான் மதுரை. எங்க அம்மா ஸ்பெஷல் நாடகத்தில் 20 வருஷம் ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி வேஷம். சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம்தான் அதிகம் போடுவார்கள். கதாநாயகனாக நடிக்கும் ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், நாரதர் இன்னொரு ஊரிலிருந்து. ஒத்திகை கிடையாது. நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் வரும்போது என்ன கேட்பார் என்று அம்மாவுக்குத் தெரியாது. மேக்கப் போட்டுக்கொண்டே திருப்புகழை முணுமுணுத்துக்கொண்டிருப்பார், எங்கிருந்து கேள்வி வருமோ என்று.

அம்மா சொன்ன ஒரு முறை உண்டு: கேட்கிறவருக்கே விடை தெரியாத கேள்வியை மேடையில் கேட்கக் கூடாது. மற்றவர் திணறினால், கேட்டவரே விடையைச் சபைக்குச் சொல்லியாக வேண்டும். அதனால் கேட்கிறேன்: உங்கள் தாத்தா காலியாக விட்ட இடங்களுக்கு அவருக்கே விடை தெரிந்திருக்கும். நோட்டில் வேறு எங்காவது, கடைசியிலோ அட்டைக்கு உள்பக்கமோ, எழுதி வைத்திருக்கிறாரா பார்த்தீர்களா அக்கா?

பாபநாசம் பேத்தி எழுதியது:

வள்ளி மகளே, உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். பின்னட்டைக்குப் பழைய காலண்டர் தாளில் உறை போட்டிருந்தார். நேற்று ராத்திரி அம்மாவை வைத்துக்கொண்டு மெதுவாக எடுத்துப் பார்த்தேன். உள்பக்கத்தில் பொடி எழுத்தில் எண் போட்டு எட்டு பதில்கள். எட்டும் எரிந்த கட்சிக்கு! மூன்றாவதில் "அனங்கன்" இருக்கிறது. அய்யா, உங்கள் பெரியப்பா சொன்ன அதே நியாயம், வேறு சொற்களில்.

தன் கட்சியைத் தோற்கடிக்கும் பதில்களை இத்தனை அழகாக எழுதி வைத்தாரே என்று அம்மா ரொம்ப நேரம் அந்த அட்டையைக் கையிலேயே வைத்திருந்தார். மாமாவும் வந்து பார்த்தார். சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

காலியாக இருப்பவை மொத்தம் 23 பக்கங்கள். எட்டுக்கு விடை கிடைத்தது. அய்யாவின் பெரியப்பா பாட்டைத் தனித்தாளில் எழுதி, அந்தக் கேள்விக்கு எதிரே செருகி வைத்திருக்கிறேன். மாசியில் குறுக்கைக்கு வருகிறோம் அய்யா. மீதிக் கேள்விகளையும் எழுதிக் கொண்டுவருகிறேன், நீங்கள் சொல்லுங்கள்.