பழைய ஸ்டூடியோப் படங்களுக்கு 50 லக்ஸ்தானா?

கரிச்சான்:
மூடின ஸ்டூடியோவோட பெட்டியில கிடைச்ச சாதாரணச் சனங்களோட படங்களைச் சமூக மன்றத்துல மாட்டுறது பத்திப் பேசிக்கிட்டிருந்தோம். நேத்து ஒருத்தர் வந்து, "படத்து மேல விழுற வெளிச்சம் 50 லக்ஸ், அதுக்கு மேல வெச்சா படுகொலை"ன்னு தீர்ப்பு சொல்லிட்டுப் போயிட்டார். பார்க்க வர்றதுல பாதிப்பேர் கண்புரை ஆபரேஷன் பண்ணவங்க. இருட்டுல தடவித்தான் பாட்டியைக் கண்டுபிடிக்கணுமா? வண்ணம் பூசாத ஜெலட்டின் சில்வர் படம், அதாவது ஜெலட்டின் பூச்சுல வெள்ளித் துகளால உருவான கறுப்பு வெள்ளைப் படம், 100 லக்ஸ் தாங்கும்.

வெள்ளிமுலாம்:
அந்த "ஒருத்தர்" நான்தான், பேர் சொல்லியே திட்டலாம். 50 லக்ஸ். கையால வண்ணம் தீட்டின படத்துல உதட்டுச் சிவப்பும் சேலைக்கரைப் பச்சையும் வெறும் சாயம், வெளுத்தா திரும்பாது. 1970கள்ல வந்த பிளாஸ்டிக் பூச்சுத் தாள் அதைவிட மோசம். பூச்சுல இருக்கிற டைட்டானியம் டை ஆக்சைடு வெளிச்சத்துல வினை புரியும், மூடின சட்டத்துக்குள்ள வெள்ளியை அரிச்சுச் செம்புள்ளி விழ வைக்கும். எல்லாத்தையும் "கறுப்பு வெள்ளை"ன்னு ஒரே மூட்டையா கட்டாதீங்க.

கரிச்சான்:
"வண்ணம் பூசாத"ன்னு எழுதியிருக்கேனே, கண்ணுல படலையா? உங்க 50 லக்ஸ்ல படிச்சீங்களோ என்னமோ. கணக்குக்கு வாங்க, மொத்தமா எவ்வளவு வெளிச்சம் படுதுங்கிறதுதான் முக்கியம். 50 லக்ஸ், தினம் 8 மணி, 90 நாள்: 36,000 லக்ஸ் மணி. 100 லக்ஸ், 8 மணி, 45 நாள்: அதே 36,000.

வெள்ளிமுலாம்:
45 நாள்ல இறக்குவாங்களாக்கும்! "நல்ல வரவேற்பு, நீட்டிக்கிறோம்"னு அறிவிப்பு வந்தா உங்க கணக்கு எங்க போகும்? 50 லக்ஸ்ல தெரியலைன்னா குத்தம் விளக்குல இல்ல, சுவத்துல. வெள்ளைச் சுவரு கண்ணைக் கூசவெச்சு படத்தை இருட்டாக்கும். அடர் சாம்பல் அடிங்க. வாசல்லேர்ந்தே வெளிச்சத்தைப் படிப்படியாக் குறைச்சா கண்ணு பழகிடும். விளக்கைச் செங்குத்துலேர்ந்து 30 டிகிரி சாய்ச்சா கண்ணாடியில பிரதிபலிக்காது. லக்ஸ் மீட்டரைப் படத்தோட முகத்தை ஒட்டிப் பிடிச்சு அளக்கணும், கூரையைப் பார்த்து இல்ல. கைப்பேசிச் செயலி காட்டுற எண்ணை இங்க கொண்டுவராதீங்க.

புளோக்கடி வாசகன்:
லக்ஸ் லக்ஸ்னு கத்துறீங்க. ராத்திரி ஏர்கானை அணைச்சா ஈரப்பதம் 80 சதவீதம் தாண்டுது, அதை யாரு கேக்குறா? ஜெலட்டின் ஊறிக் கண்ணாடியில ஒட்டிக்கும். நடுவுல 8 பிளை மவுண்ட் போர்டு, அதாவது எட்டு அடுக்கு அட்டை, சுமார் 3 மில்லிமீட்டர், இடைவெளி விடணும். ஏற்கெனவே ஒட்டினதைப் பிய்க்கக் கூடாது, கண்ணாடியோடயே ஸ்கேன் பண்ணணும்.

வெள்ளிமுலாம்:
போன மாசம் ஃபோம் போர்டு சண்டையில இதைச் சொன்னதே நான்தான். அப்ப "பயமுறுத்தாதீங்க"ன்னவர் நீங்கதானே? சந்தோஷம். 50 லக்ஸ்.

தேக்கா மல்லி:
அசலை ஏன் மாட்டணும்? ஸ்கேன் பண்ணி, பருத்தித் தாள்ல மேட்டா அச்சடிச்சு, இஷ்டத்துக்கு விளக்குப் போடலாமே. அஞ்சலட்டை அளவுப் படத்தை 600 டிபிஐல (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுத்தா ஏ3 வரைக்கும் நிக்கும். ஆளுயரம் வேணும்னா 1200. சிங்கப்பூர் ஹில் ஸ்திரீட்ல இருந்த லீ பிரதர்ஸ் ஸ்டூடியோ எடுத்த படங்கள் தேசிய ஆவணக் காப்பகத்துல இருக்கு. திரையிலதான் பார்க்குறோம், யாரும் ஒப்பாரி வைக்கலையே.

வெள்ளிமுலாம்:
அது தேடுறதுக்கு, இது பார்க்கிறதுக்கு. அட்டை ஓரத்துல அழுத்தின ஸ்டூடியோ முத்திரை, பின்னால பென்சில்ல எழுதின ஆர்டர் எண், நெகட்டிவ்ல முகச் சுருக்கத்தை மறைச்ச கோடு... பருத்தித் தாள்ல ஆர்டர் எண் வருமா மல்லி?

தேக்கா மல்லி:
பின்பக்கத்தையும் அச்சடிச்சுப் பக்கத்துல மாட்டினா வரும். ஆமா, படத்துக்குப் பக்கத்துல வைக்கிற குறிப்புல "இந்திய மாது, 1920கள்"னு அடிச்சு விடுறாங்களே, அதை யாரும் கேக்க மாட்டீங்களா? சேலையை வெச்சு வருஷம் சொல்றதா? உடுப்பு இரவலா இருக்கலாம், பின்திரை வருஷக்கணக்கா அதேதான் தொங்கும். முத்திரையில இருக்கிற முகவரியைப் பாருங்க, ஸ்டூடியோ எந்த வருஷம் எங்க இருந்துச்சுன்னு பிடிக்கலாம்.

கரிச்சான்:
நகல்ல மாட்டுற முத்திரையைப் படிக்கவும் வெளிச்சம் வேணுமே. 100.

வெள்ளிமுலாம்:
குறிப்புக்குத் தனி விளக்கு, 24 பாயின்ட் எழுத்து. படத்துக்கு 50.

கரிச்சான்:
அடர் சாம்பல்ல வெள்ளை எழுத்தா? போன வருஷத் திரியில அதைக் கண்டபடி திட்டினவர் யாருன்னு ஞாபகம் இருக்கா?

வெள்ளிமுலாம்:
அது பளபளக்குற லேமினேட்டைப் பத்தி. சுட்டியைப் போடுங்க, பார்க்கலாம்.