கலந்து உட்காருகிறார்கள், கலந்து விளையாடுவதில்லை

வகுப்பாசிரியை: ஏழாம் வகுப்பு, 34 பிள்ளைகள், வீட்டில் பேசுவது நாலு மொழி. இடம் மாற்றி மாற்றி உட்கார வைத்தேன். பாட நேரத்தில் நன்றாகத்தான் பேசிக்கொள்கிறார்கள். மணி அடித்ததும் பழையபடி அவரவர் கூட்டம். எங்கே தவறுகிறேன்?

கணக்கு வாத்தியார்: பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் நட்பு வராது டீச்சர். ஒருத்தர் இல்லாமல் இன்னொருத்தருக்கு வேலை ஓடக்கூடாது. 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் உளவியலாளர் எலியட் ஆரன்சன் செய்தது அதுதான். பாடத்தைத் துண்டாக்கி, குழுவில் ஆளுக்கொரு துண்டு. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தால்தான் முழுப் பாடமும் கைக்கு வரும். 'ஜிக்சா' முறை என்பார்கள். நான் பின்னக் கணக்கில் செய்து பார்த்தேன். முதல் வாரம் ஒரே கூச்சல். குழுவை அவசரப்பட்டுக் கலைக்காதீர்கள். மதிப்பெண்ணைத் தனித்தனியாகப் போடுங்கள், இல்லாவிட்டால் சண்டைதான்.

கடைசி பெஞ்ச்: நான் மொழி தெரியாமல் வந்து சேர்ந்தவன். யாரும் கிண்டல் செய்யவில்லை, கண்டுகொள்ளவும் இல்லை. கோல்கீப்பருக்கு ஆள் குறைந்த அன்றுதான் என் பெயரைக் கேட்டார்கள். இன்னொன்று, இடைவேளையில் சொந்தக் கூட்டத்தோடு இருப்பதைத் தப்பாகப் பார்க்காதீங்க டீச்சர். நாள் முழுக்க வேற்று மொழியில் பேசுவது அப்படியொரு களைப்பு.

வகுப்பாசிரியை: அந்தக் களைப்பை நான் யோசிக்கவே இல்லை. இடைவேளையை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். திங்கட்கிழமை அறிவியல் பாடத்தைத் துண்டாக்கிக் கொடுத்துப் பார்க்கிறேன் சார்.