ஸ்கீ ரிசோர்ட்டில் குளிர்கால ரெப் வேலை: யாழ்ப்பாணத்திலிருந்து போக வழி உண்டா?

கோண்டாவில் பொடியன்:

வணக்கம் எல்லாருக்கும். யாழ்ப்பாணம் டவுனில் ஒரு ஹோட்டலில் ரிசெப்ஷனில் நிற்கிறேன், வயது 24. இங்கிலீஷ் நன்றாகக் கதைப்பேன், சிங்களமும் சமாளிப்பேன். எங்களிடம் தங்கின ஒரு இங்கிலாந்துப் பிள்ளை தன் வேலையைப் பற்றிச் சொன்னதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. டிசெம்பரிலிருந்து ஏப்ரல் வரை பிரான்ஸ் மலையில் ஒரு ஸ்கீ ரிசோர்ட்டில் சுற்றுலாக் கம்பனியின் ரெப்பாக (பிரதிநிதியாக) இருப்பாளாம், அறை, சாப்பாடு, லிப்ட் பாஸ் (சறுக்க மலை மேலே ஏற்றிவிடுகிற லிப்டுக்கான பாஸ்), சறுக்குப் பலகை எல்லாம் கம்பனியே கொடுக்குமாம், மிச்ச மாதங்களில் சேர்த்த காசோடு இப்படி ஊர் சுற்றுவாளாம்.

நானும் இங்கே விசாரித்தேன். ஒரு ஏஜென்சிக்காரர் "சுவிஸில் அதே வேலை இருக்கு, 12 லட்சம், முதலில் 3 லட்சம் கட்டினால் போதும், விசிட் விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றலாம்" என்கிறார். அம்மாவோ, நுவரெலியாவுக்குப் போய்த் தடிமனோடு படுத்தவன் பனிக்குள் போய் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கிறார்.

அந்த வேலையில் உண்மையில் என்ன செய்ய வேண்டும்? சறுக்கத் தெரிந்திருக்க வேண்டுமா? எங்கள் பாஸ்போர்ட்டோடு போக முடியுமா? வெளியில் இருக்கிற அண்ணைமார், அக்காமார் ஒளிக்காமல் சொல்லுங்கோ.


பருத்தித்துறை லண்டன்:

தம்பி, நான் சின்னனிலேயே லண்டன் வந்தவன். பிரெக்சிட்டுக்கு முன்னர் பிரெஞ்சு அல்ப்ஸில், குர்ஷவெல், மெரிபெல், வால் தொரென்ஸ் எல்லாம் இருக்கிற மூன்று பள்ளத்தாக்குப் பகுதியில் ரெப்பாக இருந்தேன். விசாக் கதையை மற்றவர்கள் சொல்லட்டும், நான் வேலையைச் சொல்கிறேன்.

சறுக்குவதற்குச் சம்பளம் தருகிற வேலை இல்லை இது. கற்றுக்கொடுக்கப் பயிற்றுநர்கள் தனியாக இருக்கிறார்கள், அதற்குப் பரீட்சை, பட்டம் எல்லாம் உண்டு. விருந்தாளிகளைச் சும்மா மலை சுற்றிக் காட்டக்கூட விடமாட்டார்கள். பட்டம் இல்லாத ரெப் ஆட்களைக் கூட்டிக்கொண்டு சறுக்கக் கூடாது என்று 2013இல் அல்பேர்வில் நீதிமன்றம் ஒரு பிரித்தானியக் கம்பனிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ரெப் என்பவர் கம்பனிக்கும் விருந்தாளிக்கும் நடுவில் நிற்கிற ஆள். விமானம் பிந்தினாலும், பெட்டி தொலைந்தாலும், பனி பெய்யாவிட்டாலும் ஏச்சு வாங்கப் போவது நீர்தான்.

கிழமையில் முக்கியமான நாள் சனி. விடிய முதலே போகிறவர்களின் பெட்டிகளை பஸ்ஸில் ஏற்றி, ஜெனீவாவிலோ சம்பேரியிலோ லியோனிலோ இறக்கிவிட்டு, அதே விமான நிலையத்தில் கம்பனிப் பலகையைப் பிடித்துக்கொண்டு புது ஆட்களுக்காக நிற்க வேண்டும். பஸ் மலை ஏறத் தொடங்கினதும் மைக்கை எடுத்து, பாஸ் எப்போது கைக்கு வரும், சப்பாத்து எங்கே அளப்பது, நாளைக்குப் பிள்ளைகளின் வகுப்பு எங்கே எத்தனை மணிக்கு என்றெல்லாம் சொல்ல வேண்டும், பாதிப்பேர் நித்திரை, வளைவுகளில் பிள்ளைகள் சத்தி எடுக்கும், பின் சீட்டில் ஒருவர் விமானத்திலேயே குடித்துவிட்டு உம்மை விடச் சத்தமாகக் கதைத்துக்கொண்டு வருவார். பெப்ரவரியில் பிரெஞ்சுப் பள்ளி விடுமுறையும் இங்கிலாந்தின் அரைத்தவணை விடுமுறையும் ஒன்றாக வருகிற சனிக்கிழமைகளில் அல்பேர்விலிலிருந்து மூத்தியே வரை வாகனங்கள் ஊர்ந்துதான் போகும். அதோடு பனியும் கொட்டினால் சில்லுகளுக்குச் சங்கிலி போட வேண்டும். நடுச்சாமத்தில் ரிசோர்ட்டுக்கு வந்து இறங்குகிறவர்களுக்கு நீர் சிரித்த முகத்தோடு அறைத் திறப்பு கொடுக்க வேண்டும்.

ஞாயிறு முழுக்கச் சப்பாத்துக் கடை. எல்லாருக்கும் கால் நோகும். அது இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்பதை ஒருவரும் நம்பமாட்டார்கள். பின்னேரம் வரவேற்புக் கூட்டம் என்று ஒன்று வைப்பார்கள், உள்ளே நடப்பது வியாபாரம். லிப்ட் பாஸ், வகுப்பு, ஃபொண்டு (உருக்கின சீஸ்) சாப்பாட்டு இரவு, இரவுச் சறுக்குவண்டி எல்லாம் அங்கே விற்க வேண்டும், அடிப்படைச் சம்பளம் சிறியது என்பதால் கையில் மிஞ்சுவது அந்தக் கமிஷன்தான். விற்கக் கூச்சப்படுகிற ஆளுக்கு இந்த வேலை சரிவராது, அதை இப்போதே யோசித்துக்கொள்ளும்.

பிறகு காயங்கள். பெரும்பாலும் முழங்கால். பிரான்சில் சறுக்குப் பாதையிலிருந்து ஆளைத் தூக்கி வருவது இலவசம் இல்லை, பில் வரும். அதற்காக "கர்ரே நேஜ்" என்று ஒரு காப்புறுதியை லிப்ட் பாஸோடு சேர்த்து விற்பார்கள், நாளுக்குச் சில யூரோதான். ஞாயிற்றுக்கிழமை அதை வேண்டாம் என்று சொன்ன அதே ஆள் புதன்கிழமை காலில் கட்டோடு மருத்துவ நிலையத்தில் கிடப்பார், அவருடைய காப்புறுதிக் கம்பனிக்குத் தொலைபேசி எடுப்பது, மனைவியைக் கூட்டி வருவது, வீல் சேரோடு ஊருக்கு அனுப்ப விமானம் ஒழுங்கு பண்ணுவது எல்லாம் உம்முடைய சோலி.

பனி இல்லாத கிழமை இதையெல்லாம் விட மோசம். 2022 நத்தாரிலிருந்து 2023 புதுவருடம் வரை அல்ப்ஸில் உயரம் குறைந்த ரிசோர்ட்டுகளில் புல்தான் தெரிந்தது, சில இடங்களில் பாதைகளையே மூடினார்கள். வால் தொரென்ஸ் 2300 மீற்றரில் இருக்கிறது, எங்கள் பிதுருதலாகலை உச்சியை விடக் கொஞ்சம்தான் உயரம் குறைவு. கீழே இருக்கிற ரிசோர்ட்டில் வேலை கிடைத்தால் இப்படியான கிழமைகளில் ஆட்களை பஸ்ஸில் மேலே உள்ள இடங்களுக்குக் கொண்டு போய்க் கொண்டு வருவதிலேயே பொழுது போய்விடும்.

நல்லதும் சொல்ல வேண்டும்தானே. கிழமை நாட்களில் நடுப்பகலில் கிடைக்கிற ஓய்வு நேரத்தில் இலவசப் பாஸோடு சறுக்கலாம். இலகுவான பச்சைப் பாதையில் விழுந்து விழுந்து தொடங்குகிறவர் சீசன் முடியக் கஷ்டமான சிவப்புப் பாதையில் இறங்குவார். ஒன்றும் தெரியாமல் போனாலும் பரவாயில்லை, கனபேர் அப்படித்தான் வந்தார்கள். பருத்தி உடுப்பு மட்டும் உள்ளே போடக் கூடாது, வியர்வையில் நனைந்தால் பிறகு காயாது, குளிர் அங்கேதான் பிடிக்கும். கம்பளி அல்லது செயற்கைத் துணி.

2021 ஜனவரிக்குப் பிறகு எங்கள் பிரித்தானியப் பாஸ்போர்ட்டுக்கே அங்கே வேலை அனுமதி வேண்டும், விளம்பரங்களில் ஐரோப்பியப் பாஸ்போர்ட் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பாரிஸில் லா சப்பல் பக்கம் வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு மொழியும் இருக்கு, பாஸ்போர்ட்டும் இருக்கு, ஆனால் அவர்களில் ஒருவரையும் நான் மலையில் காணவில்லை!


வலே அக்கா:

தம்பி, நான் சுவிஸில் வலே கன்டோனில் (மாநிலத்தில்) ஒரு ஹோட்டல் சமையலறையில் கனகாலமாக வேலை செய்கிறேன். அந்த ஏஜென்சிக்காரர் சொல்வது நடக்காது. விசிட் விசாவில் வந்தால் 180 நாளுக்குள் 90 நாள் நிற்கலாம், வேலை செய்ய முடியாது, இங்கே வந்து வேலை விசாவாக மாற்றவும் முடியாது.

ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்குச் சுவிஸ் கொடுக்கிற வேலை அனுமதிக்கு வருடாந்தக் கோட்டா இருக்கு. அதுவும் நிபுணர்கள், மேலாளர்கள், நல்ல தகைமை உள்ளவர்களுக்கு. வேலை கொடுப்பவர் சுவிஸிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஆள் தேடிக் கிடைக்கவில்லை என்று காட்ட வேண்டும். ரெப் வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று யார் சொல்லப் போகிறார்கள்? போர்த்துக்கல்லில் இருந்தே வரிசையில் நிற்கிறார்கள். முந்தி இத்தாலியர், போர்த்துக்கேயர் எல்லாம் வந்த "சீசன் பெர்மிட்" ஒன்று இருந்தது, அதை 2002இல் நிறுத்தினார்கள். ஏஜென்சிக்காரர்கள் அந்தப் பேரை இன்னும் விற்கிறார்கள் போல.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் மட்டும், 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வெளிநாட்டவருக்குச் சீசன் வேலை அனுமதி என்று ஒன்று உண்டு, நாட்டைப் பொறுத்து வருடத்தில் 5 முதல் 9 மாதம் வரை. நீர் ஊரில் இருக்கும்போதே முதலாளி வேலை ஒப்பந்தம் தந்து விண்ணப்பம் போக வேண்டும். அதிலும் கிடைப்பது பாத்திரம் கழுவுவது, அறை துப்புரவு போன்ற வேலைகள். நான் அந்த வேலைகளைக் குறைவாகச் சொல்லவில்லை, நானே கோப்பை கழுவித்தான் தொடங்கினேன். ஆனால் ரெப் வேலைக்கு என்று காசு கட்டிவிட்டு அங்கே போய் நிற்காதேயும்.


திருநெல்வேலிச் சந்தியான்:

3 லட்சம் கட்டிவிட்டீரா? கட்டவில்லை என்றால் முதலில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு எடுத்து, அந்த ஏஜென்சிக்கு லைசன்ஸ் இருக்கா, இந்த வேலைக்குப் பணியகம் அனுமதி கொடுத்திருக்கா என்று இரண்டையும் கேளும். லைசன்ஸ் இருக்கிறவனும் அனுமதி இல்லாத வேலைக்கு ஆள் பிடிப்பான். எங்கள் ஒழுங்கையில் ஒரு பொடியன் விசிட் விசாவை மாற்றலாம் என்ற இதே கதையைக் கேட்டுக் காணி ஈடு வைத்துப் போய், திரும்பி வந்து இன்னும் வட்டி கட்டுகிறான்.


சாவகச்சேரி டுபாய்:

பனியில் வேலை செய்ய ஆசை என்றால் ஸ்கீ துபாயை ஏன் ஒருவரும் சொல்லவில்லை? மோல் ஒப் தி எமிரேட்ஸுக்குள் 2005இல் திறந்தது, ஆக நீளமான பாதையே 400 மீற்றர்தான், பெங்குவினும் இருக்கு. சிரிக்காதேயுங்கோ, நான் அங்கே சப்பாத்து, உடுப்பு வாடகைக்குக் கொடுக்கிற பக்கம் நின்றிருக்கிறேன். எங்கள் பாஸ்போர்ட்டுக்கு விசா ஒழுங்காக வரும், கம்பனியே ஸ்பொன்சர். நாள் முழுக்கப் பூச்சியத்துக்குக் கீழே நின்றுவிட்டு வெளியே வந்தால் 40 பாகை வெயில், அதற்கு உடம்பு பழகக் கொஞ்சம் நாள் எடுக்கும். மலை வாழ்க்கை இல்லைதான். ஆனால் சறுக்குச் சப்பாத்து அளக்க, பலகையின் பிடியைச் சரியாகப் பூட்ட, பயந்த பிள்ளையை நிற்க வைக்க அங்கே பழகலாம், சிவியில் போட உண்மையான அனுபவம்.


மானிப்பாய் ஹொக்கைடோ:

உமக்கு ஜப்பான்தான் சரி என்று நான் நினைக்கிறேன், ரிசெப்ஷன் அனுபவம் இருக்கிறபடியால். எஸ்.எஸ்.டபிள்யூ என்கிற திறன் தொழிலாளர் விசாவில் ஹோட்டல் துறையும் ஒன்று, இலங்கை 2019இல் ஜப்பானோடு அதற்கு உடன்படிக்கை செய்தது. ஹோட்டல் துறைப் பரீட்சையும் ஜப்பானிய மொழியில் என்4 (தொடக்கத் தரத்துக்கு அடுத்த தரம்) அல்லது அதற்குச் சமமான அடிப்படைப் பரீட்சையும் பாஸ் பண்ண வேண்டும். முதல் கட்டத்தில் மொத்தம் 5 வருடம் நிற்கலாம், குடும்பத்தைக் கூட்டி வர முடியாது.

குளிர்காலம் மட்டும் வேலை, பிறகு ஊர் சுற்றல் என்ற கதை இதில் இல்லை, முழுநேர வேலை. ஆனால் இங்கே ஹொக்கைடோவில் நிசெக்கோ என்கிற ஸ்கீ ஊர்ப் பக்கம் குளிர்காலத்தில் வருகிறவர்களில் அவுஸ்திரேலியர் கனபேர், இங்கிலீஷ் கதைக்கிற முன்மேசை ஆளுக்கு மதிப்பு இருக்கு. நியூ சித்தோசே விமான நிலையத்தில் இருந்து பஸ், தொலைந்த பெட்டி, கால் நோகிற சப்பாத்து, மேலே அண்ணை சொன்ன எல்லாம் இங்கேயும் உண்டு. லிப்ட் காற்றுக்கு நின்றால் காசைத் திருப்பித் தா என்று கேட்பதும் அதே மாதிரித்தான். பனி மட்டும் இங்கே குறையாது, முற்றத்தில் அள்ளி அள்ளி நாரி முறியும்.


கோண்டாவில் பொடியன்:

எல்லாருக்கும் நன்றி. காசு இன்னும் கட்டவில்லை. இன்று ஏஜென்சிக்காரரிடம் லைசன்ஸ் இலக்கத்தையும் பணியக அனுமதியையும் கேட்டேன், "நம்பிக்கை இல்லாவிட்டால் விடும் தம்பி, பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள்" என்றார். விட்டுவிட்டேன். ஜப்பானிய வகுப்பு விசாரிக்கப் போகிறேன், டுபாய்க்கும் சிவி அனுப்பிப் பார்க்கிறேன்.

பருத்தித்துறை அண்ணை, இன்னும் ஒன்று. ரெப் வேலைக்கு நேர்முகத்தில் என்ன கேட்பார்கள்? ஹோட்டல் நேர்முகத்துக்கும் உதவும் என்று கேட்கிறேன்.


பருத்தித்துறை லண்டன்:

நல்ல முடிவு. எங்களைக் கூட்டமாக இருத்தி, ஆளுக்கு ஒரு பொருளைக் கையில் தந்து, இதை இரண்டு நிமிடம் விற்றுக் காட்டு என்றார்கள். எனக்கு வந்தது ஒரு ஸ்டேப்ளர். பிறகு ஒரு நிலவரம் சொல்லி என்ன செய்வாய் என்று கேட்டார்கள்: பஸ் புறப்பட வேண்டிய நேரம், ஒரு குடும்பத்தின் பெட்டி வரவில்லை, இன்னொருவர் ஏன் இன்னும் நிற்கிறோம் என்று கத்துகிறார், ஒபீஸில் இருந்து தொலைபேசி அடிக்கிறது. கனபேர் தொலைபேசியை எடுப்பேன் என்றார்கள்.

அவர்கள் எதிர்பார்த்தது, முதலில் ஆட்களை எண்ண வேண்டும், எல்லாரும் இருக்கிறார்களா என்று. அடுத்தது பெட்டி வராத குடும்பத்தை விமான நிலையத்தின் பெட்டி முறைப்பாட்டு மேசைக்கு அனுப்பி முறைப்பாட்டு இலக்கம் எடுக்க வைப்பது, அது இல்லாமல் வெளியே வந்தால் பிறகு காப்புறுதிக் காசும் கஷ்டம். கத்துகிறவருக்கு எத்தனை நிமிடம் தாமதம் என்று நேரத்தைச் சொல்லிவிட்டால் பாதிச் சத்தம் குறையும். ஒபீஸுக்குக் கடைசியாக எடுக்கலாம்.

உங்கள் ஹோட்டலில் இரவு பஸ்ஸில் வந்து இறங்கி அறை தயாரில்லை என்று நிற்கிறவர்களை எப்படிச் சமாளித்தீர் என்பதை இப்போதே எழுதி வையும். நேர்முகத்தில் ஸ்கீ தெரியுமா என்று கேட்கிறதை விட அதைத்தான் அதிகம் கேட்பார்கள்.