ஓடும்போதே அணைந்துவிடும் பத்மினி: காயிலா, கண்டன்சரா, வயரா?

சிந்துபூந்துறைக்காரன்:
1989 மாடல் பிரீமியர் பத்மினி, பெட்ரோல் வண்டி, பழைய பாயிண்ட் டிஸ்டிரிபியூட்டர்தான் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுப்பது; பாயிண்ட் என்பது அதற்குள் திறந்து மூடும் சுவிட்ச்). அப்பா வாங்கியது, விற்க மனமில்லை. காலையில் ஒரே செல்ஃபில் கிளம்பிவிடுகிறது. அம்பாசமுத்திரம் போகும் வழியில் சுத்தமல்லி விலக்கு தாண்டியோ, வீரவநல்லூருக்குள்ளோ, சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் சட்டென்று நின்றுவிடுகிறது. மரத்தடியில் ஒதுக்கிப் போட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் திருகினால் கிளம்பும். சில வாரங்கள் ஒரு தொந்தரவும் இருக்காது. காயில் (பிளக்கில் பொறி வர உயர் வோல்ட் தருவது), கண்டன்சர் (பாயிண்ட் பொறியில் தீய்ந்துபோகாமல் காப்பது), பாயிண்ட், பிளக் எல்லாவற்றையும் மாற்றியாகிவிட்டது. இப்போது டிஸ்டிரிபியூட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் வண்டி சீட் உயரத்துக்குத் தண்ணீரில் நின்றது. எதைப் பார்க்கலாம்?

வள்ளியூர் வாசி:
இந்த வெயிலுக்கு, இன்ஜினுக்குப் பெட்ரோல் தள்ளும் பம்பிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். நின்றவுடன் பம்பின் மேல் ஈரத்துணி போட்டுப் பாருங்கள்.

சமாதானபுரம் அண்ணாச்சி:
தம்பி, டிஸ்டிரிபியூட்டர் வாங்காதீர்கள்.

வள்ளியூர்த் தம்பி சொல்வதும் நடக்கிறதுதான். ஆனால் பெட்ரோல் கிடைக்காத வண்டி முதலில் திணறும், இழுவை குறையும், அப்புறம்தான் நிற்கும். சட்டென்று நிற்கிறது என்றால் மின்சாரம் அறுந்துபோகிறது. ஆறியதும் கிளம்புவதால் காயிலைச் சந்தேகித்தது நியாயம். சூட்டில் உள்ளே சுற்று விட்டுப்போய், ஆறினால் சேர்ந்துகொள்ளும் காயில்கள் உண்டு. அதை மாற்றியும் நின்ற பிறகு மேலும் மேலும் மாற்றுவது எனக்கு ஆத்திரத்தைத்தான் தருகிறது. நன்றாக ஓடும் நேரத்தில் வண்டியைப் பார்த்து என்ன பயன்? பழுது இருக்கும்போது பிடிக்க வேண்டும்.

ஹோல்டருடன் 12 வோல்ட், 2 வாட் பல்பு ஒன்று வாங்குங்கள். ஒரு வயரைக் காயிலின் சாவிப் பக்க முனையிலும், இன்னொன்றைப் பாடியில் எர்த்திலும் கொடுங்கள். காயிலை ஒட்டியே 1 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றும் வையுங்கள்; வயர் பானெட் ஓரத்தில் உரசித் தீப்பிடிக்கக் கூடாது. பல்பை உள்ளே கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவிட்டு வழக்கம்போல் ஓட்டுங்கள்.

இன்ஜின் நிற்கும்போது சாவியைத் தொடாமல் பல்பைப் பாருங்கள். அணைந்திருந்தால் காயிலுக்கு மின்சாரமே வரவில்லை. உடனே கூரை விளக்கைப் போட்டுப் பாருங்கள். அதுவும் எரியாவிட்டால் பாட்டரி முனை அல்லது எர்த். பல்பு எரிந்துகொண்டே இருந்தால் குற்றம் காயிலிலோ, அதற்கு அப்பாலோ. அப்போது டிஸ்டிரிபியூட்டருக்குள் பாயிண்டுக்குப் போகும் குட்டி வயரை மெதுவாக இழுங்கள். மேலுறை முழுதாக இருக்கும். உள்ளே கம்பி அறுந்திருந்தால் அந்த இடத்தில் உறை மட்டும் நீளும். இதைக் கவனிக்காமல் எத்தனையோ வண்டிகளுக்கு முழு டிஸ்டிரிபியூட்டர் மாற்றியிருக்கிறார்கள்.

சிந்துபூந்துறைக்காரன்:
அண்ணாச்சி, கல்லிடைக்குறிச்சிக்குச் சற்று முன்னால் நின்றது. பல்பு அணைந்திருந்தது, கூரை விளக்கு எரிந்தது. பிறகு டேஷ்போர்டுக்குக் கீழே வயர்க்கட்டை அசைத்தபோது பல்பு மினுங்கி எரிந்தது!

சமாதானபுரம் அண்ணாச்சி:
பிடித்துவிட்டீர்கள். பாட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, சாவி சுவிட்சிலிருந்து காயில் வரை அந்த ஒரு வயரை மட்டும் பின்தொடருங்கள். இணைப்புகளில் பச்சைப் பொடி, பழுப்பேறிய திம்பிள் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை), விறைத்துப்போன உறை இருக்கிறதா பாருங்கள். திம்பிளை உப்புத்தாளால் தேய்ப்பதோடு விடாதீர்கள். வெள்ளத் தண்ணீர் உறைக்குள் கம்பி வழியாக மேலே ஏறும். முனையை வெட்டிப் பார்த்துச் செம்பு கறுத்திருந்தால், சிவப்பாகத் தெரியும்வரை வெட்டுங்கள். தெரியவே இல்லையென்றால் முழு வயரையும் மாற்றுங்கள்.

முடித்த பிறகு பாட்டரி பிளஸுக்கும் காயிலின் அதே சாவிப் பக்க முனைக்கும் இடையே வோல்ட் மீட்டர் வையுங்கள். சாவி போட்டிருக்க வேண்டும், பாயிண்ட் மூடியிருக்க வேண்டும். திறந்திருந்தால் மின்சாரம் ஓடாது, மீட்டர் நல்ல பிள்ளையாகப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் இன்னும் ஓர் இடம் கெட்டிருக்கிறது. அளந்ததும் சாவியை அணைத்துவிடுங்கள், காயில் சுடும்.

முக்கூடல் வாசகர்:
பாட்டரியிலிருந்து நேராகக் காயிலுக்கு வயர் போட்டுவிட்டால் வேலை முடிந்ததே?

சமாதானபுரம் அண்ணாச்சி:
நடுவழியில் நின்றால் வீடு வந்து சேர மட்டும் அப்படிச் செய்யலாம். நிரந்தரமாக வேண்டவே வேண்டாம். சாவியைத் திருப்பினாலும் இன்ஜின் அணையாது. எங்கேயாவது மோதினால் கையெட்டும் தூரத்தில் நிறுத்த வழி இருக்காது. பாயிண்ட் மூடிய நிலையில் வண்டி இரவெல்லாம் நின்றால் புதுக் காயிலும் வெந்துவிடும், பாட்டரியும் இறங்கிவிடும்.