வெளிநாட்டில் இருப்பவரின் வாக்கு: படைவீரருக்கு உள்ள வழி மற்றவர்க்கும் வேண்டுமா?

வளைகுடாவாசி:
வேறு நாட்டுக் குடியுரிமை பெறாமல் வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கு, 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் சேர்ந்த 20ஏ பிரிவு வாக்குரிமை தந்தது. படிவம் 6ஏ நிரப்பி, கடவுச்சீட்டில் உள்ள முகவரிக்குரிய தொகுதியில் பெயர் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் வாக்களிக்க வேண்டுமானால், அசல் கடவுச்சீட்டோடு அந்த வாக்குச்சாவடிக்கே நேரில் வந்து நிற்க வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் இப்படிப் பதிவு செய்திருந்த 1,19,374 பேரில் 2,958 பேர்தான் வந்து வாக்களித்தார்கள். இந்தியத் தூதரகத்தில் பணிபுரியும் அலுவலர், படைவீரரைப் போலவே, சட்டப்படி சேவை வாக்காளர் (அரசுப் பணியால் ஊரைவிட்டு வெளியே இருப்பதால் தபாலில் வாக்களிக்கும் உரிமை பெற்றவர்) என்பதால், அவருக்கு வாக்குச்சீட்டு மின்னணு முறையில் வந்து சேர்கிறது. அதே தூதரகத்துக்குக் கடவுச்சீட்டைப் புதுப்பிக்க வரும் தொழிலாளிக்கு அந்த வழி இல்லை. ஒரே நகரில் இருக்கும் இரு குடிமக்களிடையே இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்கு என்ன நியாயம் இருக்கிறது?

சாவடி அலுவலர்:
நியாயம் இருக்கிறது என்பதே என் கருத்து. சேவை வாக்காளர் யார், எங்கே பணிபுரிகிறார் என்பதை அவருடைய துறையே உறுதிசெய்து அனுப்புகிறது. தேர்தல் நடத்தும் அலுவலர் ஏற்றும் வாக்குச்சீட்டு, ஒருமுறைக் கடவுச்சொல்லோடு உரியவருக்கு இறங்குகிறது. அவர் அச்செடுத்து, குறியிட்டு, உள் உறையில் இட்டு, உறுதிமொழிப் படிவத்தில் மேலதிகாரியின் சான்றொப்பம் பெற்று, தபாலில் அனுப்புகிறார். எண்ணும் இடத்தில் உறையில் உள்ள குறியீட்டை வருடிப் பார்த்து, ஒருவருடைய உறை இரண்டாக வந்திருந்தால் கண்டுபிடித்துவிடுகிறோம். வெளிநாட்டில் தனியாக வாழும் ஒருவருக்கு இந்தச் சங்கிலியில் சான்றொப்பம் தரும் கண்ணி எது? அது இல்லாமல் வாக்குச்சீட்டை மின்னஞ்சலில் அனுப்புவது, யார் குறியிட்டார் என்று தெரியாத தாளைப் பெட்டிக்குள் ஏற்றுக்கொள்வதாகவே முடியும்.

முன்னாள் ஹவில்தார்:
அலுவலர் ஐயா சொல்லும் சங்கிலி சரிதான். ஆனால் அது எளிதில் அமைந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான் பணியில் இருந்த காலத்தில் தபால் வாக்குச்சீட்டு இரு வழியும் தபாலிலேயே போய்வர வேண்டியிருந்ததால், முன்னணிக் காவல் நிலைகளில் இருந்தவர்களுக்கு உறை கிடைக்கும்போது வாக்கு எண்ணிக்கையே முடிந்திருக்கும். அதற்காகத்தான் 2003-இல் பதிலாள் வாக்குமுறை வந்தது. படைவீரர் படிவம் 13எஃப் மூலம் தன் தொகுதியில் வசிக்கும் ஒருவரை நியமிப்பார். அவர் வீரருக்காக வாக்களிக்கும்போது இடக்கை நடுவிரலில் மை வைப்பார்கள். 2016-இல் விதி திருத்தப்பட்டு, புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில் மின்னணு அனுப்புமுறை முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது. 2019-இல் பதிவு செய்திருந்த சுமார் 18 லட்சம் சேவை வாக்காளர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோரின் வாக்குகள் திரும்பி வந்தன. முன்பிருந்த நிலையை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரியும்.

மேலதிகாரியின் கையெழுத்து ஆளை அடையாளம் காட்டுவதற்கு மட்டுமே. வீரர் யாருக்குக் குறியிடுகிறார் என்று பார்க்க அவருக்கு உரிமை இல்லை. அந்த அடையாளச் சான்றைத் தூதரக அலுவலர் தர முடியாது என்று நான் நினைக்கவில்லை.

சட்ட மாணவி:
சான்றொப்பம் என்ற கண்ணியைப் பற்றிப் பேசும்போது ராதாபுரத்தை மறந்துவிடக் கூடாது. 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே வெற்றி வித்தியாசம் 49 வாக்குகள். தலைமையாசிரியர் சான்றொப்பமிட்ட 203 தபால் வாக்குகள், அவர் உரிய அலுவலர் அல்லர் என்று நிராகரிக்கப்பட்டதை எதிர்த்து வழக்கு நடந்து, 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. அவை தேர்தல் பணியில் இருந்தவர்களின் வாக்குகள். உள்ளூரிலேயே ஒரு கையெழுத்து இவ்வளவு சிக்கலைக் கிளப்புமென்றால், வெளிநாட்டிலிருந்து வரும் உறைகளுக்கு யாருடைய கையெழுத்து செல்லும் என்பதை விதியில் ஐயத்துக்கு இடமின்றி எழுதிய பிறகே வாக்குச்சீட்டை அனுப்பத் தொடங்க வேண்டும்.

வெளிநாடு வாழ்வோருக்குப் பதிலாள் முறையைத் தரும் மசோதா 2018 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையைக் கடக்காமல் 2019-இல் காலாவதியானது. அது காலாவதியானதில் எனக்கு வருத்தமில்லை. 2020 நவம்பரில் தேர்தல் ஆணையம் மின்னணுத் தபால் வாக்கை அவர்களுக்கும் விரிக்கலாம் என்று சட்ட அமைச்சகத்துக்கு எழுதியதே சரியான பாதை.

வளைகுடாவாசி:
பதிலாள் முறையை நானும் விரும்பவில்லை, சகோதரி. ஊரில் ஒருவரை நம்பி வாக்கை ஒப்படைத்தால், அவர் எந்தச் சின்னத்தில் அழுத்தினார் என்று அறிய எனக்கு வழியே இல்லை.

சாவடி அலுவலர்:
அப்படியானால் அஞ்சல் வாக்கின் குறையையும் அதே கண்ணோடு பாருங்கள். பத்துப் பேர் ஒரே அறையில் தங்கி, தங்குமிடமும் விசாவும் முதலாளியின் கையில் இருக்கும் இடத்தில், அச்செடுத்த வாக்குச்சீட்டில் குறியிடும்போது தோளுக்கு மேல் யார் பார்க்கிறார் என்பதை யார் கண்காணிப்பது? சாவடியில் மூன்று பக்க மறைப்பு வைப்பதும், முகவர்களை அந்தப் பக்கம் விடாமல் தடுப்பதும் சடங்குக்காக அல்ல. வறியவரின் வாக்குக்கு அந்த மறைப்பு ஒன்றே பாதுகாப்பு.

வளைகுடாவாசி:
இது நேர்மையான கேள்வி. நான் இதை ஒதுக்கவில்லை. அதனால்தான் தூதரகத்திலேயே மறைப்போடு வாக்களிக்கும் ஏற்பாட்டைக் கேட்கிறேன். பிலிப்பைன்ஸ் 2003-இல் சட்டமியற்றி, தன் தூதரகங்களில் வாக்குப்பதிவு நடத்தியிருக்கிறது. அந்நாட்டவரும் எங்களைப் போலவே வளைகுடாவில் கூலிக்கு உழைப்பவர்கள்தாம்.

சாவடி அலுவலர்:
பிலிப்பைன்ஸில் வெளிநாட்டு வாக்காளர் தேர்ந்தெடுப்பது நாடு முழுவதற்கும் பொதுவான பதவிகளை. நமக்கோ 543 தொகுதிகள், தொகுதிதோறும் தனி வேட்பாளர் பட்டியல். ஒரு தூதரகம் இத்தனை வகை வாக்குச்சீட்டையும் வைத்துக்கொண்டு, உரியவருக்கு உரியதைக் கொடுத்து, உரிய மாவட்டத்துக்குப் பத்திரமாக அனுப்ப வேண்டும். ஏழு கட்டத் தேர்தலில் இதை எத்தனை நாள் நடத்துவது? சட்டமன்றத் தேர்தல்களுக்கும் தனித்தனியாக நடத்துவதா?

முன்னாள் ஹவில்தார்:
சீட்டை மின்னணு முறையில் இறக்கி அங்கேயே அச்செடுத்தால், 543 வகையையும் முன்கூட்டி அடுக்கி வைக்க வேண்டியதில்லை. படைப்பிரிவுகளில் இப்போது அப்படித்தான் நடக்கிறது; ஒரே பிரிவில் பல மாநிலத்தார் இருக்கிறார்கள். உண்மையான இடர் காலம்தான். தபால் வாக்கு எண்ணிக்கை நாளன்று காலை 8 மணிக்குள் வந்து சேர வேண்டும். 2024-இல் தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19 அன்று வாக்குப்பதிவு, எண்ணிக்கை ஜூன் 4. நம் ஊர் வீரருக்கு உறை திரும்பத் தாராளமாக நாள் இருந்தது. ஜூன் 1 அன்று வாக்களித்த கடைசிக் கட்டத் தொகுதிகளின் வீரர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒரே படையில், ஒரே தேர்தலில், தொகுதியைப் பொறுத்து இப்படி நடப்பது எனக்கு மனம் ஒப்பவில்லை.

சட்ட மாணவி:
வேட்புமனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே குறைந்தது 14 நாள் இருந்தால் போதும் என்கிறது நம் சட்டம். அமெரிக்காவில் 2009-இல் வந்த சட்டம், கோரிக்கை முன்பே வந்திருந்தால், படைவீரருக்கும் வெளிநாட்டுக் குடிமகனுக்கும் கூட்டாட்சித் தேர்தலுக்கு 45 நாள் முன்பே வாக்குச்சீட்டு அனுப்பப்பட வேண்டும் என்கிறது. நமக்கு 45 நாள் சாத்தியமில்லாமல் இருக்கலாம். ஆனால் வேட்பாளர் பட்டியல் இறுதியாவதற்கும் எண்ணிக்கைக்கும் இடையே எல்லாத் தொகுதிக்கும் பொதுவான குறைந்தபட்ச நாள்களை விதியில் எழுதுவது, சேவை வாக்காளருக்கு இன்றே தேவை. வெளிநாடு வாழ்வோரைச் சேர்க்கும்போது அந்த நாள்கள் இன்னும் கூட வேண்டும். தூதரகத்தில் அச்சும் மறைப்பும் சான்றொப்பமும், அங்கிருந்து தூதரகப் பையில் உறைகளும் என்று வைத்துக்கொண்டால், அலுவலர் ஐயாவின் மறுப்பில் எஞ்சுவது எது என்பதை அவரே சொல்ல வேண்டும்.

சாவடி அலுவலர்:
எஞ்சுவது தொலைவு. தூதரகத்துக்கு ஒரு நாள் விடுப்பெடுத்து வர முடிகிறவர் மேலாளர். வர முடியாதவர் பாலைவனத்துப் பணித்தளத்தில் இருக்கும் தொழிலாளி. யாருக்காக இந்த வழியைக் கேட்கிறீர்களோ, அவருக்கே அது எட்டாமல் போகும். பணித்தளங்களுக்கு அருகே முகாம் அமைத்து வாக்குப்பதிவு நடத்த அந்நாட்டு அரசு எழுத்து மூலம் இசைவு தந்தால், நான் இந்த மறுப்பையும் விட்டுவிடுகிறேன்.