பாய்மரப் படகின் ஜன்னல்களை மாற்ற உதவி தேவை (மும்பை)

மும்பைத் தமிழ் உறவுகளுக்கு வணக்கம். கொலாபா பக்கம் நிற்கும் எங்கள் சிறிய ஃபைபர் பாய்மரப் படகின் கேபின் ஜன்னல்களை மழைக்கு முன் மாற்றியாக வேண்டும். பழைய அக்ரிலிக் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) முழுக்க மெல்லிய விரிசல், ஓரத்தில் தண்ணீர் கசிந்து உள்ளே பலகை ஊறுகிறது. பார்க்கவே வேதனையாக இருக்கிறது.

ஸ்க்ரூ எல்லாம் கழன்றுவிட்டது. ஆனால் முன்பு யாரோ சிலிக்கோன் பசை பூசியிருப்பதால் ஜன்னல் அசையவில்லை. ஃபைபரில் கீறல் விழாமல் எப்படிப் பிரிப்பது? அப்புறம், சுரண்டிய பிறகும் சிலிக்கோன் படலம் நிற்கும், அதன்மேல் வேறு பசை பிடிக்காது. அதை எதனால் எடுக்கிறீர்கள்?

புதிதும் அக்ரிலிக்தான். வெப்பம் 30 டிகிரி கூடினால் 60 செ.மீ. துண்டு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அதனால் ஸ்க்ரூ துளைகளைச் சற்றுப் பெரிதாகப் போட்டு, பியூட்டைல் டேப் (இறுகாமல் மென்மையாகவே இருக்கும் ஒட்டும் ரப்பர் பட்டை) வைப்பதே சரி என்று படுகிறது. தாராவி, சயான் பக்கம் அளவாக வெட்டித் தருபவர் தெரிந்தால் சொல்லுங்கள்.